சிறுமிக்குச் சாப்பிடக் கொடுங்கள்

வாசிக்க: மாற்கு 5:21-43



மாற்கு எழுதிய நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு தகப்பனைச் சந்திக்கிறோம். அவர் பெயர் யாயிர். தொழுகைக்கூடத் தலைவர்களுள் ஒருவர். ஊரிலே மதிப்பும் மரியாதையும் உள்ளவர். அப்படிப்பட்டவர் கடற்கரையில், பெருங்கூட்டத்தின் நடுவில், ஆண்டவர் யேசுவின் பாதத்தில் விழுகிறார். சாகும் தறுவாயில் இருக்கும் தமது சின்ன மகளைக் காப்பாற்ற வரும்படி மன்றாடுகிறார். பெண்பிள்ளைதானே என்று அவர் வீட்டில் இருந்துவிடவில்லை. ஊரார் பார்க்கிறார்கள் என்று கூசவுமில்லை.

வழியிலே பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கால் வருந்திய ஒரு பெண் ஆண்டவரின் ஆடையைத் தொடுகிறாள். அன்றைய வழக்கப்படி அவள் தீட்டுள்ளவள், எவரையும் தொடக்கூடாதவள். ஆண்டவரோ அவளைக் கடிந்துகொள்ளவில்லை; மகளே என்று அழைக்கிறார். அதற்குள் யாயிரின் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து விடுகிறார்கள். பிள்ளை இறந்துவிட்டது, போதகருக்கு இனி ஏன் வீண் தொந்தரவு என்பது அவர்கள் கொண்டுவந்த சேதி. வீட்டு வாசலிலே ஒப்பாரி வைத்தவர்கள் ஆண்டவரைப் பார்த்து நகைக்கிறார்கள். அவர் அவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தாயையும் தகப்பனையும் மூன்று சீடரையும் மட்டும் கூட்டிக்கொண்டு உள்ளே போகிறார். சிறுமியின் கையைப் பிடித்து எழுப்புகிறார். அவள் எழுந்து நடக்கிறாள். அவளுக்கு வயது பன்னிரண்டு என்று நற்செய்தியாளர் குறித்து வைக்கிறார்.

இத்துடன் கதை முடிந்திருக்கலாம். ஆனால் ஆண்டவர் இன்னுமொரு கட்டளை கொடுக்கிறார்: சிறுமிக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார். மரணத்தை வென்றவருக்கு அந்தப் பிள்ளையின் பசியும் முக்கியமாக இருந்தது. புதுமை செய்வது அவருடைய வேலை. உணவு கொடுப்பது வீட்டாருடைய வேலை. இன்று நாம் சிந்திக்க வேண்டியது இந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான்.

என்ன பிள்ளை?

தெல்லிப்பழையிலோ இளவாலையிலோ பண்டத்தரிப்பிலோ ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால், தாயும் பிள்ளையும் சுகமோ என்று கேட்பதற்கு முன்பே நாம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "என்ன பிள்ளை?" ஆண்பிள்ளை என்றால் முகம் மலர்கிறது. மூன்றாவதும் பெண்பிள்ளை என்றால், "பரவாயில்லை, கடவுள் தந்தது" என்று ஆறுதல் சொல்கிறோம். ஒரு குழந்தை பிறந்ததற்கு ஆறுதல் சொல்வது எப்படிப்பட்ட வழக்கம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறோமா? சுற்றி நின்றவர்கள் அதற்குள்ளேயே கணக்குப் போட்டுவிடுகிறார்கள்: மூன்று பெட்டையள், மூன்று வீடு, மூன்று சீதனம்.

தமிழ்நாட்டின் சில பகுதிகளில் பெண்சிசுக்கள் கொல்லப்பட்ட கொடுமையை நாம் அறிவோம். அதைத் தடுப்பதற்காக 1992ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தில் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்து அழிப்பதைத் தடுக்க 1994இல் இந்தியாவில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2011ஆம் ஆண்டின் இந்தியக் குடிசன மதிப்பீட்டிலே ஆறு வயதுவரையான ஆண்பிள்ளைகள் 1000 பேருக்குப் பெண்பிள்ளைகள் 919 பேர் மாத்திரமே இருந்தனர். நமது நாட்டில் இந்த நிலை இல்லை. அதற்காக இறைவனுக்கு நன்றி செலுத்துவோம். ஆனால் கொல்லவில்லை என்பது மட்டும் ஒரு தகப்பனுக்குப் பெருமையாகுமா? நம் வீடுகளில் பெண்பிள்ளை வாழ்கிறாள். எப்படி வாழ்கிறாள் என்பதே கேள்வி.

குசினியிலே தொடங்கும் வேற்றுமை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறோம். தகப்பனும் ஆண்பிள்ளைகளும் முதலில் சாப்பிடுகிறார்கள். பரிமாறுவது தாயும் மகளும். கோழிக்காலும் பெரிய மீன்துண்டும் எந்தக் கோப்பைக்குப் போகின்றன? கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுவது யார்? சாப்பிட்ட கோப்பையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவுவது அண்ணனா, தங்கச்சியா? இருவருக்கும் மறுநாள் பள்ளிக்கூடப் பரீட்சை. ஒருவன் விளக்கின் கீழ் படிக்கிறான், மற்றவள் பாத்திரம் விளக்கிய பின்பு படிக்கிறாள். இதை நாம் வேற்றுமை என்று சொல்வதில்லை, வளர்ப்பு என்கிறோம்.

யாயிரின் மகளின் வயதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயது என்பது நம் வீடுகளில் பிள்ளை பெரியபிள்ளையாகும் பருவம். வளரும் உடம்பு, மாதந்தோறும் இரத்தம் இழக்கத் தொடங்கும் உடம்பு. அண்ணனைவிட அவளுக்கே இரும்புச்சத்து அதிகம் வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். இதை நம் ஆச்சிமார் படிக்காமலே அறிந்திருந்தார்கள். அந்த நாட்களில் பிள்ளைக்கு முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் கொடுத்தார்களல்லவா? நல்ல வழக்கம். ஆனால் சடங்கு முடிந்து பந்தலைக் கழற்றியவுடன் முட்டையும் நின்றுவிடுகிறது. தண்ணீர் வார்ப்புக்குக் கடன்பட்டு மண்டபம் எடுக்கிறோம். படப்பிடிப்புக்கும் அலங்காரத்துக்கும் இலட்சக்கணக்கில் செலவழிக்கிறோம். அதே பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் ஒரு முட்டையும் ஒரு பிடி முருங்கையிலையும் கொடுப்பதற்குக் கணக்குப் பார்க்கிறோம். ஆண்டவர் அந்தச் சிறுமிக்கு விழா எடுக்கச் சொல்லவில்லை. சாப்பிடக் கொடுக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து அவளுக்கு விளையாட்டு நின்றுவிடுகிறது. சைக்கிளில் போகாதே, சத்தமாகச் சிரிக்காதே, வாசலில் நில்லாதே என்று கட்டளைகள் தொடங்குகின்றன. எல்லாவற்றுக்கும் காரணம் பாதுகாப்பு என்கிறோம். தெருவில் நின்று அவளைக் கேலி பண்ணுகிற பொடியனை எவரும் வீட்டுக்குள் இருக்கச் சொல்வதில்லை. அவன் ஒருவேளை நம்முடைய மகனாகவே இருக்கலாம்.

தெல்லிப்பழை சொல்லும் பாடம்

பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவு எவ்வாறு திறந்தது என்பதற்குத் தெல்லிப்பழையும் அதன் அயலூர்களும் சாட்சி. 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூவர் தெல்லிப்பழையில் தங்கிப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். இன்றைய யூனியன் கல்லூரியின் தொடக்கம் அதுவே. பெற்றோர் ஆண்பிள்ளைகளை அனுப்பினார்கள். பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கினார்கள். எழுத வாசிக்கத் தெரிந்த பெண்ணை யார் முடிப்பார் என்பது அன்றைய பயம். 1824இல் ஹரியற் வின்சிலோ அம்மையார் அயலூரான உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். அங்கே படித்து முடித்த பிள்ளைகள் கலியாணம் செய்தபோது மிஷனே அவர்களுக்குச் சீதனம் கொடுத்தது. எழுத்தறிவித்தவர்களாலும் சீதனத்தை அசைக்க முடியவில்லை. அதற்கு இடங்கொடுத்தே தம் வேலையைச் செய்ய வேண்டியிருந்தது.

நமது திருச்சபையும் பின்னிற்கவில்லை. ஆயர் செமேரியா ஆண்டகையின் காலத்தில், 1862இல், திருக்குடும்பக் கன்னியர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். அவர்கள் தொடங்கிய கொன்வென்ற் பாடசாலைகளில் படித்த பேத்திகளும் பூட்டிகளும் இல்லாத கத்தோலிக்கக் குடும்பம் நம்மிடையே எத்தனை? 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஏழை வீட்டுப் பெண்பிள்ளையும் பல்கலைக்கழகம்வரை போனாள். இன்று நம் பெண்பிள்ளைகள் வைத்தியராயும் ஆசிரியராயும் எந்திரியாயும் இருக்கிறார்கள்.

ஆனால் பழைய பயம் உருமாறி நிற்கிறது. அன்று படித்த பெண்ணை யார் முடிப்பார் என்றோம். இன்று மகளைப் படிப்பிக்கிறோம். படிப்பித்த பின்பு, "டொக்டர் பெண்ணுக்கு டொக்டர் மாப்பிள்ளை வேண்டும், அதற்கு இவ்வளவு காசு வேண்டும்" என்று தரகரோடு பேசுகிறோம். அவள் படிப்பும் சீதனத்தைக் குறைக்கவில்லை; கூட்டிவிட்டது. வெளிநாட்டிலே பனிக்குள் நின்று இரண்டு வேலை செய்யும் அண்ணன், தங்கச்சியின் சீதனக் கடனைத் தீர்க்கும்வரை தன் கலியாணத்தைத் தள்ளிப் போடுகிறான். இந்த வழக்கம் பெண்ணை மட்டும் வருத்தவில்லை. ஆண்பிள்ளையின் இளமையையும் சேர்த்தே விழுங்குகிறது.

சீதனமும் உரிமையும்

"எங்கள் ஊரில் பெண்ணுக்குத்தானே வீடும் வளவும் கொடுக்கிறோம், இதில் என்ன வேற்றுமை?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துக் கொடுத்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகுத்தது. சீதனம் பெண்ணின் பெயரிலே எழுதப்பட்டது. மற்ற நாட்டுப் பெண்கள் பலருக்கு அந்நாளில் கிடைக்காத உரிமை அது. ஆயினும் சீதனம் வாங்கிப் போன மகளுக்குப் பெற்றோரின் மிகுதிச் சொத்தில் பங்கு இல்லாமற் போயிற்று. மேலும் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது. கணவனுக்கு அவ்வாறான தடை எதுவும் வைக்கப்படவில்லை. உறுதி அவள் பெயரில். பேனை அவர் கையில்.

எண்ணிக்கை ஆகமத்தின் 27ஆம் அதிகாரத்தை வீட்டிலே எல்லாரும் கேட்க வாசியுங்கள். செலோபுகாதுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஐந்து பெண்பிள்ளைகள். தகப்பன் இறந்தபின் அவர்கள் மோயீசனுக்கும் குருவுக்கும் தலைவர்களுக்கும் முன்னே நின்று தங்கள் பங்கைக் கேட்டார்கள். மோயீசன் அந்த வழக்கை ஆண்டவரிடம் கொண்டுபோனார். அந்தப் பெண்கள் கேட்பது சரி என்று ஆண்டவர் தீர்ப்பளித்தார். ஐந்து பேரின் பெயர்களையும் வேதாகமம் எழுதி வைத்திருக்கிறது. கேட்பது அடக்கமின்மை என்று அங்கே சொல்லப்படவில்லை.

வாசலில் நிற்கும் ஆபத்து

பிள்ளைகளைக் காப்பது என்றால் பசியிலிருந்து காப்பது மட்டுமல்ல. இதைப் பேசக் கூச்சமாக இருக்கும். பேசாமல் விடுவதால் நன்மை அடைபவன் தீங்கு செய்பவன் ஒருவனே.

அர்ச். மரிய கொரெற்றியின் சரித்திரத்தை நாம் பெண்பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறோம். 1902இல் கொல்லப்பட்டபோது அவளுக்குப் பதினொரு வயது. 1950இல் அவள் புனிதையாக உயர்த்தப்பட்டாள். கற்பைக் காக்க உயிரையும் கொடு என்று அந்தக் கதையை நம் பெண்பிள்ளைகளுக்குப் போதித்தோம். ஆனால் அவளைக் கொன்ற அலெசாந்திரோ எவன்? அதே வீட்டில் குடியிருந்த இருபது வயது இளைஞன். முன்பும் தொந்தரவு செய்தவன். பயத்தினால் பிள்ளை அதை வெளியில் சொல்லவில்லை. இந்தக் கதையை ஆண்பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறோம்? பெற்றோருக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறோம்? தீங்கு அந்நியனிடமிருந்துதான் வரும் என்று நினைக்கிறோம். பிள்ளைக்குத் தெரிந்தவரிடமிருந்தே அது பெரும்பாலும் வருகிறது: உறவினர், அயலவர், படிப்பிப்பவர், வாகனத்தில் ஏற்றி இறக்குபவர். கோவிலில் பணிசெய்பவரும் இதற்கு விலக்கல்ல. அதனாலேயே பாப்பரசர் பிரான்சிஸ் 2019இல் புதிய சட்டம் விதித்து, இத்தகைய குற்றத்தை அறியும் குருக்களும் துறவியரும் அதைத் திருச்சபை அதிகாரிகளுக்கு அறிவிக்கக் கடமைப்படுத்தினார்.

தெல்லிப்பழையின் வடபகுதி மக்கள் 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொந்த வளவைக் காணாதவர்கள் பலர். முகாம்களில் ஒரே கொட்டிலுக்குள் பிள்ளைகள் வளர்ந்தார்கள். மறைவில்லாத கிணற்றடிகளில் குளித்தார்கள். படைக்குச் சேர்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் பதினைந்து பதினாறு வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அவசரமாகக் கலியாணம் செய்து வைத்த பெற்றோரும் உண்டு. அவர்களை நாம் தீர்ப்பிடவில்லை. ஆனால் போர் முடிந்து ஆண்டுகள் பல ஆகியும், பிள்ளைக்கு ஏதும் நடந்தால் மானம் போகும் என்று மூடி மறைப்பதும், கெடுத்தவனுக்கே கட்டிக் கொடுப்பதும் எந்த நியாயத்தில் சேரும்? 1995ஆம் ஆண்டிலிருந்து நமது நாட்டின் பொதுச் சட்டப்படி திருமண வயது ஆணுக்கும் பெண்ணுக்கும் பதினெட்டு. 2016இலிருந்து பதினாறு வயதுவரை கல்வி கட்டாயம். 2021இலிருந்து பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையை வீட்டு வேலைக்கு வைப்பதும் குற்றம். "நல்ல இடம், சாப்பாடு தருவார்கள்" என்று ஏழைப் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்புவதற்கு இனிச் சாக்கில்லை.

உங்கள் பிள்ளை ஒரு தீங்கைச் சொன்னால் முதலில் நம்புங்கள். நீ ஏன் அங்கே போனாய் என்று கேட்காதீர்கள். பத்துப் பேருக்கு முன்னால் திருப்பித் திருப்பிச் சொல்ல வைக்காதீர்கள். ஆண்டவர் கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டல்லவா அந்தச் சிறுமியின் கையைப் பிடித்தார்? வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பொலிசாருக்கோ பிரதேச செயலகத்துச் சிறுவர் அலுவலருக்கோ அறிவியுங்கள். 1998இன் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. இதைப் பிள்ளைகளுக்கும் பாடமாக்குங்கள்.

அயலவர் காட்டிய வழி

நல்ல சமாரியரைப் பற்றி ஆண்டவர் சொன்னபோது, நம்மவரல்லாத ஒருவரையே முன்மாதிரியாக நிறுத்தினார். தெல்லிப்பழையிலும் அப்படியொரு முன்மாதிரி உண்டு. 1925இல் பிறந்து 2008இல் மறைந்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் ஆசிரியையாகப் பணிசெய்தவர். தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானத்தை நிருவகித்தவர். கோயிலுக்கு வந்த காணிக்கையைக் கோபுரத்தோடும் தேரோடும் நிறுத்திவிடாமல், ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நடத்தினார். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் அங்கே உண்டார்கள், உடுத்தார்கள், படித்தார்கள். சிறுமிக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்ற கட்டளையை நற்செய்தியிலே வாசிக்கும் நாம், அதை நிறைவேற்றிய அயலவரைக் கண்டு மகிழவும் வேண்டும், கொஞ்சம் வெட்கப்படவும் வேண்டும். நமது பங்குத் திருவிழாவில் வாணவேடிக்கைக்குப் போகும் காசில் ஒரு பங்காவது நம்மிடையே உள்ள அநாதைப் பிள்ளைகளின் கொப்பிக்கும் சாப்பாட்டுக்கும் போகிறதா?

இன்றே செய்யக்கூடியவை

தகப்பன்மாரே, யாயிரைப் பாருங்கள். மகளுக்காக ஊருக்கு முன் முழந்தாளிட்டவர் அவர். உங்கள் மகள் பிறந்ததற்காக ஒருபோதும் பெருமூச்சு விடாதீர்கள். அவள் கேட்கத்தக்கதாகச் செலவுக் கணக்குப் பேசாதீர்கள்.

தாய்மாரே, பரிமாறும் அகப்பை உங்கள் கையில் இருக்கிறது. கோப்பைகளை ஒரே அளவாக நிரப்புங்கள். நீங்கள் மாமியாராகும் நாளில், உங்கள் மகனுக்கு விலை பேசாதீர்கள். சீதனம் கேட்கும் குரல் பல வீடுகளில் பெண்ணின் குரலாகவே இருக்கிறது என்பது கசப்பான உண்மை.

அண்ணன்மாரே, தம்பிமாரே, உங்கள் கோப்பையை நீங்களே கழுவுங்கள். நாசரேத்து வீட்டில் வளர்ந்தவர் சீடரின் கால்களையே கழுவியவர். தெருவிலே ஒரு பெண்பிள்ளை போனால், அவள் பயமின்றிப் போகும்படி நடந்துகொள்ளுங்கள்.

பங்குச் சபையினரே, மரியாயின் சேனையினரே, வின்சென்ற் டி போல் சபையினரே, உங்கள் வட்டாரத்தில் பள்ளிக்கூடத்தால் நின்ற பிள்ளை யார், தாயோடு மட்டும் வாழும் வீடு எது என்று தெரிந்து வைத்திருங்கள். போய்ப் பாருங்கள்.

பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1995ஆம் ஆண்டில் உலகப் பெண்களுக்கு ஒரு திருமுகம் எழுதினார். பெண்களின் மேன்மை மதிக்கப்படாமற் போனதில் திருச்சபையின் மக்களுக்கும் பங்கிருந்தால் அதற்காக வருந்துவதாக அதிலே சொன்னார். பாப்பரசரே வருந்த முடியுமென்றால், நம் வீட்டுக் குசினியில் நாம் திருந்த முடியாதா? 2012ஆம் ஆண்டு முதல் ஒக்ரோபர் 11ஐச் சர்வதேச பெண்பிள்ளைகள் தினமாக உலகம் கொண்டாடுகிறது. செபமாலை மாதத்திலே வருவது பொருத்தந்தான். கபிரியேல் தூதர் மங்களவார்த்தை சொன்னது கலிலேயாவிலே ஒரு சிற்றூரில் வாழ்ந்த ஒரு கன்னிப்பெண்ணுக்கு. அவளுடைய சம்மதத்துக்காக வானமும் காத்திருந்தது. ஒரு பெண்பிள்ளையின் சொல்லுக்கு இறைவன் கொடுத்த மதிப்பு அவ்வளவு.

ஆகவே அன்பர்களே, இன்று இரவு செபமாலை சொல்லி முடிந்ததும் எல்லாரும் ஒரே பாயில் இருந்து ஒன்றாகச் சாப்பிடுங்கள். முதற் கோப்பையை வீட்டின் மிகச் சிறிய பெண்பிள்ளைக்குப் போடுங்கள்.

செபிப்போமாக: ஆண்டவரே, யாயிரின் மகளின் கையைப் பிடித்து எழுப்பியவரே, எங்கள் பெண்பிள்ளைகளைப் பசியிலும் பயத்திலும் இருந்து எழுப்பியருளும். அவர்களை உமது பிள்ளைகளாகக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். அவர்களுக்கு உரியதைக் கொடுக்கும் கைகளையும் தாரும். ஆமென்.